அரசாங்கப் புகை

காவ்லியான் மலையில் பொழுது சாய்ந்துவிட்டால் ரோதிங்காவின் தொண்டைதான் அரசாங்கம். தலைவி தார்பூயி பகலெல்லாம் ஆயிரம் சொல்வாள். அதெல்லாம் வெறும் பேச்சு. மாலையில் ரோதிங்கா ஊரின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை நடந்து அதையே கூவினால்தான் உத்தரவு. நாளைக்குப் பாதை வெட்ட வேண்டும், பன்றிகளை அடைக்க வேண்டும், இன்னார் வீட்டுக் கூரைக்குப் புல் கொண்டுவர வேண்டும் என்று அவன் கூவுவான். அவன் கூவாத வரை தலைவியே நேரில் வந்து சொன்னாலும் யாரும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டார்கள். இந்த வேலைக்கு அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கூடை நெல் அவனுக்கு வரும். வேறு வரும்படி கிடையாது. அவன் மனைவி துவாமி இந்தத் தொண்டையை நம்பித்தான் பிள்ளைகளைப் பெற்றிருந்தாள்.

அந்த ஆண்டு பங்குனி வெயிலில், கிழக்குச் சரிவில் ஊரே கூடி வெட்டிச் சாய்த்த காடு நன்றாகக் காய்ந்து, தொட்டால் நொறுங்கும் பதத்தில் கிடந்தது. அதற்குத் தீ வைக்க வேண்டும். சாம்பலில் நெல் விதைக்க வேண்டும். அதற்குப் பிறகு மழை வரலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. மழை முந்திக்கொண்டால் வேறு கதை. நனைந்த காடு எரியாது, எரியாத காட்டில் நெல் விளையாது, அந்த ஆண்டு முழுக்க ஊர் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்ன வேண்டியதுதான். தீ வைக்கும் நாளைத் தலைவி குறிக்க வேண்டும், ரோதிங்கா கூவ வேண்டும். அந்த ஒரு கூவலுக்காக ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

அப்போதுதான் எல்லை வந்தது.

எல்லை தானாக வரவில்லை. மேஜர் தோர்ன்பரி அதைக் கொண்டுவந்தார். கூடவே கிரிம்ஷா என்ற நில அளவை லெப்டினன்ட், பேச்சை மாற்றிச் சொல்ல சில்ஹெட்டிலிருந்து நபகிஷோர் நந்தி, நிறையச் சிப்பாய்கள், யானையின் முதுகில் ஒரு சின்னப் பீரங்கி எல்லாம் வந்தன. வடக்கே சமவெளியில் தேயிலைத் தோட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மகாராணியின் நிலம் எங்கே முடிகிறது, தார்பூயியின் நிலம் எங்கே தொடங்குகிறது என்று இரு தரப்பும் சம்மதித்து ஒரு கோடு போட வேண்டுமாம்.

மேஜர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "மகாராணியின் அரசு உங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ள வரவில்லை. எடுத்துக்கொண்டதை முறைப்படி எழுதிக்கொள்ள மட்டுமே வந்திருக்கிறது."

நந்திக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "எடுக்க வரலியாம், அம்மா. எடுத்தாச்சாம். எழுத வந்திருக்காங்க."

"எழுதிட்டுப் போகட்டும்," என்றாள் தார்பூயி. புருஷன் செத்த பிறகு ஊரை அவள்தான் கட்டி ஆண்டாள். ஒல்லியான உடம்பு, நிதானமான பேச்சு. "நாங்க எப்ப தீ வைக்கலாம்? அதைக் கேளு."

தீயா என்று கிரிம்ஷா பதறிப்போனார். மூன்று கால்களில் நிற்கும் ஒரு பித்தளைக் கருவிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துத் தூரத்துச் சிகரங்களைப் பார்ப்பதுதான் அவர் வேலை. சிகரம் தெரிந்தால் கோடு போடலாம். புகை வந்தால் சிகரம் தெரியாது. ஆகவே கோடு போட்டு முடியும் வரை மலையில் எங்கும் புகை கூடாது என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

நந்தி விசாரித்துச் சொன்னார். "ஒப்பந்தம் ஆனப்புறம்தான் கோடு போடுவாங்களாம். ஒப்பந்தத்துக்கு முன்னாடி மரியாதையெல்லாம் முடியணுமாம்."

"மரியாதைக்கு எத்தனை நாள்?"

"அது மரியாதையப் பொறுத்ததுன்னு சொல்றாரு."

தார்பூயி தலையாட்டினாள். அதற்குக் காரணம் இருந்தது. பக்கத்து மலைத் தலைவன் போன ஆண்டு இதே எல்லை விஷயத்தில் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொன்னான். அவன் ஊரை நெற்குதிர்களோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். அந்தப் புகை யாருடைய கருவிக்கும் இடைஞ்சலாக இருந்ததாகத் தகவல் இல்லை.

அன்று மாலை ரோதிங்கா கூவினான். "யாரும் வயல்ல தீ வைக்கக் கூடாது. தலைவி உத்தரவு." பாதி ஊர் தாண்டுவதற்குள் குரல் கம்மிவிட்டது.

ஒரு வீட்டிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். "யோவ் ரோதிங்கா, தப்பா கூவிட்டுப் போற. வைக்கணும்னு சொல்லு."

"தப்பில்ல மாமா. கூடாதுதான்."

"மேலே பாத்தியாய்யா நீ?"

மேற்கே, மலைகளுக்குப் பின்னால், பஞ்சுப்பொதி அளவில் மேகம் ஒன்று குந்தியிருந்தது. ரோதிங்காவும் பார்த்துத்தான் இருந்தான்.

வீட்டில் துவாமி அவனை விடவில்லை. "உன் தொண்டையக் கேட்டு மயங்கித்தான் எங்கப்பன் பரிசமா மிதுன் மாடு கேக்காம, ரெண்டு பன்னிக்கு என்னை உனக்குக் குடுத்தாரு. அந்தத் தொண்டைய வச்சு ஊரு வாயில மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்க."

"நானா சொன்னேன்? தலைவி சொன்னாங்க."

"தலைவி வீட்டுல பழைய நெல்லு இருக்கு. நம்ம வீட்டுல என்ன இருக்கு? உன் கூவல் இருக்கு. அதைப் பொங்கிப் போடட்டுமா பிள்ளைங்களுக்கு?"

அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

மறுநாள் மேஜர் ஒரு நுட்பமான கேள்வி கேட்டார். தலைவி கொடுக்கும் வாக்கு ஊரைக் கட்டுப்படுத்துமா? தார்பூயி உள்ளதைச் சொன்னாள்: "நான் சொன்னா அது பேச்சு. இவன் கூவினாத்தான் உத்தரவு."

மேஜரின் முகம் மலர்ந்தது. இத்தனை நேரம் ஒரு பெண்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. "எந்த நாட்டிலும் உண்மையான அதிகாரம் ஒருவரிடம்தான் இருக்கும்," என்று விளக்கினார். "அது யாரிடம் என்று நாம் கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்களைக் கேட்க வேண்டிய சிரமம் இல்லை. இந்த முறையில் பல நாடுகளை அவற்றின் முழுச் சம்மதத்தோடு பெற்றிருக்கிறோம்."

அப்படியாக ரோதிங்கா பிரகடன அமைச்சர் ஆனான். தடித்த கம்பளித் துணியில் தைத்த சிவப்புக் கோட்டு ஒன்றை அவனுக்கு மாட்டிவிட்டார்கள். பங்குனி வெயிலில் அதற்குள் அவன் வெந்தான். அவன் எந்தப் பக்கம் போனாலும் சிப்பாய்கள் துப்பாக்கியை நிமிர்த்தி வணக்கம் வைத்தார்கள். காலையில் அவன் மூங்கில் புதருக்குப் பின்னால் ஒதுங்கப் போனபோதும் வைத்தார்கள். அவர்கள் விறைப்பாக நின்றுகொண்டே இருந்ததால் அவன் போன காரியம் நடக்காமல் திரும்பி வந்தான்.

அமைச்சரானதில் ஒரு நன்மை உண்டு என்று அவன் நினைத்தான். நேராக மேஜரிடம் போய், "சாமி, அந்தத் தீ விஷயம்..." என்று ஆரம்பித்தான்.

நந்தி கையைக் காட்டி நிறுத்தினார். "அமைச்சர் நேரா பேசக் கூடாதுப்பா. தலைவி மூலமா வரணும்."

அவன் தலைவியிடம் ஓடினான். தலைவி சபைக்கு வந்து வாயைத் திறந்தாள். மேஜர் மிகுந்த பணிவோடு குறுக்கிட்டார். தலைவியின் சொல்லை அமைச்சர் அறிவித்தால்தான் அது உத்தரவு என்று தலைவியே ஒப்புக்கொண்டிருக்கிறாரே, எனவே அமைச்சர் மூலமாக வரட்டும் என்றார். அமைச்சர் நேராகப் பேச முடியாது. தலைவியும் நேராகப் பேச முடியாது. இப்படி இரண்டு பேருக்கும் வாய் கட்டிய மகிழ்ச்சியில் மேஜர் அன்றைய சபையை முடித்துவைத்தார். மேற்கே மேகம் ஒரு குன்று அளவு ஆகியிருந்தது.

தடையும் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தது. வயல் தீ போனது. பிறகு காலை வேளையில் அடுப்புப் புகை கருவியை மறைக்கிறது என்றார் கிரிம்ஷா. ஊர் காலைச் சோற்றை விட்டது. பிறகு பெண்கள் திண்டாடினார்கள். இந்த மலையில் பெண்கள் எல்லோரும் மூங்கில் குழாய் வைத்துப் புகைப்பவர்கள். புகை தண்ணீருக்குள் புகுந்து வரும். அந்தத் தண்ணீர் பழுப்பேறிக் காரமானதும் அதைச் சுரைக்குடுவையில் ஊற்றி வைத்து, வருகிற விருந்தாளிக்கு ஒரு மிடறு கொடுப்பார்கள். வாயில் கொஞ்ச நேரம் அடக்கி வைத்துத் துப்ப வேண்டும். தலை லேசாகச் சுற்றும், சுகமாக இருக்கும். கொடுக்காவிட்டால் அவமரியாதை, வாங்காவிட்டால் பகை.

புகைக் குழாயை ஒப்படைக்கும்படி மேஜரே வந்து தலைவியைக் கேட்டுக்கொண்டார். தார்பூயி குழாயைக் கொடுத்தாள். வந்தவர் விருந்தாளி என்பதால் குடுவையையும் நீட்டினாள்.

மேஜர் எழுந்து நின்றார். குடுவையை உயர்த்தி, மகாராணியின் நலத்துக்கு என்று சொல்லி, கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

முதலில் அவர் முகம் வெளுத்தது. பிறகு பச்சையானது. பிறகு ஒரு மரம் சாய்வதைப் போல அப்படியே பின்னால் விழுந்தார்.

துப்பாக்கிகள் ஒரே சமயத்தில் உயர்ந்தன. இந்தத் தடவை வணக்கத்துக்கு இல்லை. ஒரு துப்பாக்கியின் முனை ரோதிங்காவின் கோட்டுப் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பக்கத்து மலையின் சாம்பல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு துவாமி நின்றதை ரோதிங்கா பார்த்தான். நாம் செத்தோம் என்றே நினைத்தான்.

தார்பூயி அவசரப்படவில்லை. இன்னொரு குடுவையை எடுத்தாள். ஒரு மிடறு வாயில் ஊற்றினாள். கன்னம் உப்ப, துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, வழக்கமான நேரம் வரை அடக்கி வைத்தாள். பிறகு ஓரமாகத் துப்பினாள்.

"துப்பணும்," என்றாள் நந்தியிடம். "நீ சொல்லலியா?"

"தலைவி குடுத்த மரியாதையத் துப்புங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா," என்றார் நந்தி. "எங்க ஊர்ல மீன் குழம்பு தின்னுட்டு நிம்மதியா இருந்தேன். இங்க ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியாத மரியாதையா இருக்கு."

துப்பாக்கிகள் இறங்கின. மேஜர் மறுநாள் முழுவதும் கூடாரத்தில் படுத்துக்கிடந்தார். எழுந்ததும், உள்ளூர் மக்கள் அளித்த உற்சாகமான வரவேற்பில் தாம் திக்குமுக்காடிப் போனதாக மேலிடத்துக்கு எழுதினார். மேகம் இப்போது மலை அளவு இருந்தது. அடியில் கறுப்பு.

இனி மிஞ்சியது ஒப்பந்தம்தான். அப்போது தார்பூயி ஒரு நிபந்தனை போட்டாள். "சத்தியம் பண்ணும்போது பீரங்கி வெடிக்கணும். பெரிய ராஜாக்களுக்கு வெடிக்கிறாங்களாமே. எனக்கும் வேணும்."

மழை வாசலில் நிற்கிறது, இந்த அம்மாளுக்கு வெடிச்சத்தம் கேட்கிறதா? வாழ்க்கையில் முதல் தடவையாக ரோதிங்கா தலைவியைக் கெட்ட வார்த்தையில் நினைத்தான்.

மேஜர் இதில் விளையாட முடியாது. பீரங்கி மரியாதைக்கு ஒரு வரிசை உண்டு. யாருக்கு எத்தனை வெடி என்று கடலுக்கு அப்பால் முடிவு செய்திருக்கிறார்கள். மேலிடத்துக்கு ஆள் ஓடினான். அவன் போய்த் திரும்பும் வரை ஊரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு மாலை நாலைந்து சொட்டு விழுந்தது. பெண்கள் வெளியே ஓடிவந்து அண்ணாந்து நின்றார்கள். ஒருத்தி வானத்தைப் பார்த்து அசிங்கமாகத் திட்டினாள். சொட்டு நின்றது.

மேலிடத்துப் பதிலை நந்தி படித்துச் சொன்னார். மலைத் தலைவர்களுக்குப் பீரங்கி மரியாதை எக்காரணத்தைக் கொண்டும் கிடையாது. ஆனால் நீண்ட பயணத்துக்குப் பின் பீரங்கி வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். சோதனை நடக்கும் சமயத்தில் தலைவி அருகில் நிற்க நேர்ந்து, அதை அவர் மரியாதை என்று எண்ணிக்கொண்டால் அதற்கு அரசு பொறுப்பாகாது.

"ஒரே ஒரு சோதனை," என்றார் மேஜர்.

"ஒண்ணு போதும்," என்றாள் தார்பூயி. "ஆனா வாயக் கிழக்க திருப்பச் சொல்லு. எங்க செத்தவங்க அந்தப் பக்கம்தான் போறாங்க. அவங்களுக்குச் சத்தியம் கேக்கணும்."

செத்தவர்கள் கிழக்கே ஏரியைத் தாண்டிப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்களுக்குக் காது மந்தம் என்பது ரோதிங்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அவள் அவனைக் கூப்பிட்டு விட்டாள். "கூவு. நாளைக்கு வயலைச் சுத்தியிருக்கிற தடத்தைச் சருகு இல்லாமப் பெருக்கணும். மூங்கில் குழாயில எல்லாம் தண்ணி ரொப்பி வைக்கணும். பன்னிய அடைக்கணும்."

ரோதிங்கா தலையைச் சொறிந்தான். ஒவ்வொரு ஆண்டும் தீ வைப்பதற்கு முதல் நாள் கூவுவதுதான் இதெல்லாம். "தீயா தலைவியம்மா?"

"தீன்னு நான் சொன்னேனா?"

"இல்லீங்க."

"அப்ப அதைக் கூவாத."

மறுநாள் நண்பகலில் ஒப்பந்தம் நடந்தது. அகன்ற நெற்றியோடு ஒரு மிதுன் மாட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள். மேஜரும் தலைவியும் ஒரே ஈட்டியைப் பிடித்து அதைக் குத்தினார்கள். ரத்தத்தைத் தொட்டு, ஆறு மேல்நோக்கி ஓடும் வரை வாக்கு மாறாது என்று சொன்னார்கள். மேஜரின் சட்டைக் கையில் ரத்தம் தெறித்ததை ஒரு சிப்பாய் துடைத்தான். ஒப்பந்தத்தில் எல்லை எது என்று எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. எல்லையைப் பற்றிய ஒப்பந்தத்தில் எல்லையே இல்லையே என்று தலைவி கேட்டாள்.

"அது அளந்த பிறகு எழுதப்படும்," என்றார் மேஜர். "முதலில் சம்மதம், பிறகு எதற்குச் சம்மதம் என்பது. இந்த ஒழுங்கை மாற்றினால் யாருமே சம்மதிக்க மாட்டார்கள்."

தார்பூயி கைநாட்டு வைத்தாள். பிரகடன அமைச்சரும் வைத்தான். வானம் கரியாக இருண்டுவிட்டது. காற்றில் மண்வாசனை வந்தது. எங்கோ மழை தொடங்கிவிட்டது.

பீரங்கி வெடித்தது. யானை பிளிறியது. வெறும் மருந்துதான், குண்டு இல்லை. மருந்தை அடைத்திருந்த துணிச்சுருள் மட்டும் எரிந்துகொண்டே பறந்து போய்க் கிழக்குச் சரிவில் விழுந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

யாரும் அசையவில்லை. மேஜர் கைகுலுக்குவதற்காக நீட்டிய கை அப்படியே நின்றது, அதை வாங்க ஆளில்லை. ஊர் மொத்தமும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சரிவையே பார்த்தது. ரோதிங்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. எரி, எரி என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினான். ஒரு நூல் போலப் புகை எழுந்தது. அணைந்தது. மறுபடி எழுந்தது. பிறகு மூங்கில் கணுக்கள் பட் பட்டென்று வெடிக்கத் தொடங்கின. நாலு மூச்சு விடுவதற்குள் சரிவு முழுக்க நெருப்பு.

"என்ன இது?" என்று மேஜர் கத்தினார்.

"செத்தவங்க பதில் சொல்றாங்க," என்றாள் தார்பூயி. "சத்தியம் கேட்டுருச்சாம்."

மழைக்கு முன்னால் வரும் காற்று சுழன்று நெருப்பை ஊர்ப்பக்கம் தள்ளியது. ரோதிங்கா அமைச்சர் பதவியை மறந்தான். "மேல் தடத்துக்கு வாங்க! தண்ணியக் கொண்டாங்க!" என்று கூவிக்கொண்டு ஓடினான். அந்தத் தொண்டை அன்று முழுசாகத் திறந்தது. பெருக்கி வைத்த தடத்தில் ஆணும் பெண்ணும் நின்று பச்சைக் கிளைகளால் நெருப்பை அடித்தார்கள். அவன் கோட்டின் ஒரு கை பொசுங்கிப் போனது. ஊர் தப்பியது. வயல் அடிவரை எரிந்து தீர்ந்தது. விடிவதற்கு முன் மழை கொட்டியது. வாசலில் நனைந்துகொண்டே நின்று ரோதிங்கா அழுதான். துவாமி அவனைத் திட்டவில்லை.

மக்கள் மகிழ்ச்சி மிகுதியால் மலையளவு தீ மூட்டிக் கொண்டாடினர் என்று மேஜர் எழுதினார். வேறு எதை எழுதினாலும் கொளுத்தியது தம்முடைய பீரங்கி என்று எழுத வேண்டியிருக்கும்.

கிரிம்ஷாவின் பாடுதான் திண்டாட்டம். நாள்கணக்காகக் கருவிக்குள் பார்த்தார். முதலில் புகை, பிறகு மேகம், பிறகு புகையும் மேகமும். ஒரு சிகரமும் தெரியவில்லை. இன்னும் தாமதித்தால் பாதை அடைபட்டுவிடும், மேஜருக்கு வர வேண்டிய பதவி உயர்வும் அடைபட்டுவிடும்.

"ஏதாவது ஒன்று தெரிகிறதா, இல்லையா?"

"இந்த ஊர் தெரியுது சார். நாம அதுக்குள்ளயே நிக்கிறதால."

"போதும்," என்றார் மேஜர். காலியிடத்தில் இப்படி எழுதினார்கள்: காவ்லியான் ஊர் நிற்கும் இடமே இரு நாடுகளுக்கும் என்றென்றைக்கும் எல்லை. ஊருக்கு வடக்கே மகாராணியின் நிலம், தெற்கே தலைவியின் நிலம்.

"ஊர் நிக்கிற இடமா?" என்றாள் தார்பூயி. "நியாயம்தான்."

அவள் எதையும் மறைக்கவில்லை. ஊர் நகரும் என்று ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த மலையில் யாருக்குமே தோன்றவில்லை. சில ஆண்டுகள் பயிர் செய்தால் மண் சோர்ந்துவிடும். ஊரே எழுந்து, வீட்டு மூங்கிலையும் பன்றியையும் நெல்லையும் பெயரையும் தூக்கிக்கொண்டு வேறு மலைக்குப் போகும். எங்கே போனாலும் அது காவ்லியான்தான். ஊர் நகராது என்று சொல்ல வேண்டும் என்று மேஜருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆண்டு நெல் கொட்டியது. வீட்டுக்கு ஒரு கூடை ரோதிங்காவுக்கு வந்தது. துவாமி கூடைகளை அடுக்கி வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இனி அக்கம்பக்கத்து மண்ணில் சத்து இல்லை. அறுவடை முடிந்ததும் ரோதிங்கா கூவினான், ஊர் எழுந்தது. வடக்கே இரண்டு மலை தள்ளி, மூங்கில் செழித்த சரிவில் போய் உட்கார்ந்தது.

குளிர்காலம் முடிவதற்குள் தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஒருவர் வெளிநாட்டில் கண்விழித்தார். அவர் எங்கும் போகவில்லை. படுத்த கட்டிலில்தான் இருந்தார். காவ்லியான் அவர் தோட்டத்துக்கு வடக்குப் பக்கமாக வந்துவிட்டது.

தோர்ன்பரி இப்போது கர்னல். பீரங்கியோடு புது ஊருக்கு ஏறி வந்தார். அதன் வாய் ஊரைப் பார்த்தே திரும்பியிருந்தது. மறுபடியும் குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். ஒப்பந்தத்தைத் திருத்தலாமே என்று நந்தி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"என்றென்றைக்கும் என்று எழுதியிருக்கிறோம்," என்றார் கர்னல். "திருத்தினால் அரசு தவறு செய்ததாக ஆகும். அரசு தவறு செய்தால் எல்லா எல்லைகளும் ஆட்டம் காணும். ஊர்தான் தவறான இடத்தில் இருக்கிறது. ஊர் திரும்பிப் போக வேண்டும்."

"போறோம்," என்றாள் தார்பூயி. "அங்க மண்ணு செத்துப் போச்சு. ஊர் முழுக்க நீங்கதான் சோறு போடணும். வருஷா வருஷம்."

கர்னல் யோசித்தார். செலவு என்று வந்ததும் அவருக்கு நுட்பம் கூடியது. எத்தனை பேர் இருந்தால் ஊர் என்று ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் இந்த ஊரின் உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது பதிவாகியிருக்கிறது. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அதுதான் ஊர். மற்றவர்கள் வெறும் குடியிருப்போர்.

ரோதிங்கா ஊராக நியமிக்கப்பட்டான்.

பழைய மலையுச்சியில் அவன் ஒருவன் மட்டும் வசிக்க வேண்டும். பீரங்கி ஊரைவிட்டுத் திரும்புவதற்கு அதுதான் விலை. கூடவே ஒரு முக்கியமான கடமை. ஊர் அதன் இடத்தில்தான் இருக்கிறது என்பதைக் கீழே முகாமிலிருந்து கிரிம்ஷா நாள்தோறும் கருவியில் பார்த்து உறுதி செய்வார். ஆகவே நாள்தோறும் புகை எழ வேண்டும்.

"புகை கூடாதுன்னாங்களே?" என்றான் ரோதிங்கா.

"அது போன வருஷம்," என்றார் நந்தி. அவனை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை. "இப்ப புகை கட்டாயமாம்."

துவாமி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நின்றாள். "நெல்லு இங்க இருக்கு, இதுங்களுக்குப் பசிக்கும். நான் ஊரோட இருக்கேன்யா. நீ ஊரா இரு." சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கூடை நெல்லை அவன் முதுகில் ஏற்றும்போது அழுதாள்.

புது ஊரில் வேறொருவன் கூவினான். வீட்டுக்கு ஒரு கூடை இனி அவனுக்கு. ரோதிங்கா பழைய உச்சியில், வீடுகள் இருந்த குழிகளுக்கு நடுவே, பொசுங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். காலையில் பச்சை இலையைப் போட்டு எரித்துப் புகை எழுப்பினான். மாலையில் பழக்க தோஷத்தில் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை நடந்து, "நாளைக்கு..." என்று கூவினான். நாளைக்கு என்ன என்று அவனுக்குத் தெரியாது. நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை; நாய்களும் ஊரோடு போயிருந்தன. கீழே கிரிம்ஷா எல்லை நலம் என்று எழுதிக்கொண்டார்.

கூடை தீர்ந்தது. சோளம் விதைத்துப் பார்த்தான், மண் முளைக்கவிடவில்லை. கிழங்கு தோண்டினான். அடுப்பில் பானை இல்லாமலே புகை மட்டும் ஒழுங்காக எழுந்தது. கர்னலுக்குச் சொல்லி அனுப்பினான். எல்லைகளுக்கு உணவு வழங்க விதி இல்லை என்று பதில் வந்தது.

ஒரு காலை அவன் எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். புகை எழ வேண்டும் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கங்குகளை ஒரு மண்சட்டியில் அள்ளினான். மேலே பச்சை இலையைப் போட்டான். நன்றாகப் புகைந்தது. சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தான்.

கீழே முகாமில் கிரிம்ஷா கருவியிலிருந்து கண்ணை எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். "எல்லை நகருது சார்."

"எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்தான் சார். மலை இறங்குது."

கர்னல் பீரங்கியைத் திருப்பச் சொன்னார். திரி பற்ற வைக்கும் வேளையில் யோசனை வந்தது. எல்லையைச் சுட்டால் அது எந்த நாட்டின் மீது போர், யாரிடம் அனுமதி வாங்குவது? மேலிடத்துக்கு ஆள் ஓடினான். பதில் வரும் வரை பீரங்கிக்காரன் புகையைக் குறிபார்த்தபடியே நின்றான்.

ரோதிங்கா இரண்டாவது மலை ஏறிப் புது ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. துவாமி வாசலுக்கு வந்தாள். அவன் எலும்புகளையும் தலையில் புகையும் சட்டியையும் பார்த்தாள்.

"என்னய்யா ஊரே, இந்தப் பக்கம்?"

"பசிக்குது," என்றான் ரோதிங்கா.

அவள் சட்டியை வாங்கி வாசலில் வைத்தாள். அது புகைந்துகொண்டே இருந்தது. உள்ளே சோறு எடுத்து வைத்தாள். பேரரசின் எல்லை சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது.